தாய்க்கும் ஒரு மாத்திரை

நாலு நாய்க்குட்டிகளில் ஒன்று செவ்வாய்க்கிழமை காலை செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, ஈறு வெளுத்திருந்தது. பொன்மணி அதைப் புதைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற வேலை. அங்கே உட்கார்ந்து அழ நேரமில்லை.

மறுநாள் மற்ற மூன்றையும் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"பூச்சி மருந்து ரெண்டு தடவ குடுத்தாச்சு டாக்டர். அப்பறமும் கறுப்பாத்தான் போகுது."

டாக்டர் அம்ருதா மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நிமிர்ந்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "கொக்கிப்புழு. தாய்க்கு மருந்து கொடுத்தோ?"

பொன்மணி இல்லை என்று தலையசைத்தாள். தாய் கருப்பிக்கும், வீட்டிலிருந்த கிழட்டு நாய் ராமுவுக்கும் அவள் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டும் நன்றாகத்தானே தின்றுகொண்டிருந்தன.

"பால் வழி குட்டிக்கு வரும். பெரிய நாய் வெளிக்கு இருக்கிற மண்ணிலும் உண்டு. எல்லா நாய்க்கும் ஒரே நாளில் கொடுக்கணும். பதினஞ்சு நாள் கழிஞ்சு பின்னையும் கொடுக்கணும். பீயை அன்னன்னைக்கே வாரணும், கேட்டோ."

"அப்போ செத்தது என்னாலதானா?"

அம்ருதா குட்டிகளுக்கு மருந்தும் பெரிய நாய்களுக்கு மாத்திரையும் எடுத்து வைத்தார். "அறியாமல் நடந்தது. இந்த மூணையும் நோக்கணும்."

மாலையில் அவள் வீடு திரும்பியபோது, கொத்தனார் வேலை முடித்து வந்த கணவன் சுடலைமணி தரையில் நீட்டிக் கிடந்தான்.

"எல்லாத்தையும் எங்கயாவது விட்டுட்டு வா. நம்ம ரெண்டு பேருக்கே முடியல."

அவள் குட்டிகளுக்கு மருந்தைப் புகட்டினாள். மாத்திரையை மீனுக்குள் வைத்துக் கொடுத்ததும் கருப்பி விழுங்கிவிட்டது. ராமு மீனை மட்டும் தின்று மாத்திரையைத் துப்பியது. மூன்று தடவை அப்படியே. நாலாவது தடவை அதன் வாயைப் பிடிக்கப் போய், ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்த பொன்மணிக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சுடலைமணி எழுந்து வந்தான். ராமுவின் தாடையைத் தூக்கிப் பிடித்து, தொண்டையைத் தடவிக் கொடுத்தான்.

"முழுங்குடா. நாங்களும் தூங்க வேண்டாமா?"

ராமு விழுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நாய்கள் படுக்கும் இடத்தில் ஊறிப்போன மணலை வெட்டியெடுத்து சிமெண்டுத் தரை போட்டான். அவள் தினமும் விடிகாலையில் முறத்தோடு முற்றத்தைச் சுற்றி வந்தாள். குனிந்து நிமிர்கையில் இடுப்பு வலித்தது.

அடுத்த மாதச் சோதனையில் புழு முட்டை இல்லை என்றார் அம்ருதா. இரண்டு குட்டிகளைப் பக்கத்திலிருக்கும் சுள்ளிக்கல்லில் ஒரு குடும்பம் வாங்கிப் போனது. மெலிந்திருந்த மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.

"இதுக்கு அடுத்த மாத்திரை எப்போ?" என்று சுடலைமணி கேட்டான்.

பொன்மணி தேதியைச் சொல்லிவிட்டுப் படுத்தாள்.