கடைசி வீட்டுக் குழாய்

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு பேச வருவது போல ஒரு சத்தம். மூன்று வருடமாக இந்த வீட்டில் காலையில் முதலில் வாயைத் திறப்பது அந்தக் குழாய்தான். நானும் சும்மா இருப்பதில்லை. "வந்துட்டியா, வா" என்று சொல்லிவிட்டுத்தான் பித்தளைக் குடத்தை அடியில் வைப்பேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த வீட்டில், குழாயோடு பேசுகிறவனைவிட யாரோடும் பேசாமல் இருக்கிறவன்தான் பெரிய பைத்தியம் என்பது என் கட்சி. பையன் தீனா பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "கேன் தண்ணி வாங்கிக் குடிப்பா, குழாத் தண்ணிய குடிக்காத" என்பான். அவன் அக்கறை அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். சரி என்பேன். வாங்க மாட்டேன்.

எங்கள் தெருவில் என்னுடையது கடைசி வீடு. அதற்கப்பால் ஒரு மொட்டைச் சுவர், சுவருக்கப்பால் கால்வாய். ஊர்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து புறப்படுகிற குடிநீர்ப் பைப் இருநூறு வீடுகளைத் தாண்டி என் பின்கட்டில் வந்து முடிகிறது. ஆரணியில் பட்டு நெய்கிறவர்களின் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னறையில் நான் தார் சுற்றுகிற மிஷின், அதாவது சாயம் போட்ட பட்டு நூலைத் தறியில் ஓடுகிற நாடாவுக்கு ஏற்றபடி சின்னக் குச்சிகளில் சுற்றித் தருகிற மிஷின். குழாயோ கடைசியில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். கடைசி வீட்டுக் குழாய் என்பதால்தான் சத்யப்ரியா என் வீட்டுக்கு வந்தாள். இல்லாவிட்டால் இந்த மூலைக்கு யார் வரப் போகிறார்கள்?

அவள் முள்ளிப்பட்டிலிருந்து வருகிற முப்பது வயதுப் பெண். முனிசிபாலிட்டி ஆபீஸில் தினக்கூலி வேலை. வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். புதன்கிழமை மட்டும் கூடுதலாக, கிருமி சாகக் குடிநீரில் போட்ட மருந்து கடைசி வீடு வரைக்கும் வந்து சேர்கிறதா என்று பார்ப்பாள். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு கண்ணாடி டியூப், ஒரு புட்டி. டியூபில் தண்ணீரை ஊற்றிப் புட்டியிலிருந்து ஐந்து சொட்டு விடுவாள். மருந்து இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். கடைசி வீட்டில் மஞ்சள் வந்துவிட்டால், முன்னால் இருக்கிற இருநூறு வீட்டிலும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அர்த்தம். ஆக, நான் ஒருத்தன் இருநூறு வீட்டுக்குச் சாட்சி.

முதல் நாளே எனக்கும் அவளுக்கும் சண்டை. டியூபை வெளிச்சத்தில் பிடித்து, "மஞ்சள்" என்று எழுதப் போனாள். நான் விடவில்லை. "இன்னாம்மா பொத்தாம்பொதுவா மஞ்சள்ன்ற? பட்டுக்காரன் வீட்டுல வந்து அப்படிச் சொல்லலாமா? மஞ்சள்ல எத்தினி இருக்குது. இது எலுமிச்சை." அவள் சிரித்துவிட்டாள். "எழுதறதுக்கு ஒரு கட்டம்தான் குடுத்திருக்காங்க பெரியப்பா. உங்க எலுமிச்சைய எங்க எழுதறது?" என்றாள். அந்தப் பெரியப்பா அவளாகச் சொன்னது. நான் கேட்டு வாங்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு புதனும் டியூபைத் தூக்கிப் பிடித்து என் பக்கம் திருப்புவாள். எலுமிச்சை, சந்தனம், வாழைக்குருத்து என்று நான் பெயர் சொன்ன பிறகுதான் எழுதுவாள். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு, கூட ஒரு டம்ளர் டீ. பத்து நிமிஷம் இருக்கும்.

ஆரம்பத்தில் அவளே பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் பாசியில் வழுக்கி முழங்கை தேய்ந்துபோயிற்று. அன்றிலிருந்து, "நீ உக்காரு தாயி, நான் பிடிச்சிகினு வரேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டேன். "நான்தான் பிடிக்கணும்னு ரூல்ஸ் பெரியப்பா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். "நேத்து பிடிச்ச தண்ணிய மட்டும் குடுத்துடாதீங்க. ராத்திரி பூரா குடத்துல இருந்தா மருந்து பறந்துடும். கலரே வராது. அப்புறம் நான் தண்ணி சரியில்லன்னு எழுதி, ஒரே பேஜாராப் பூடும்."

போன சித்திரையில் ஒரு புதன், நிஜமாகவே கலர் வரவில்லை. தொட்டியில் மருந்து விடுகிற மிஷின் ரிப்பேர். கலர் வராவிட்டால், மறுபடி வருகிற வரைக்கும் தினமும் வந்து பார்க்க வேண்டுமாம். வியாழன் வந்தாள், வெள்ளி வந்தாள், சனியும் வந்தாள். நான்கு நாளில் அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்றும், பெரியவளுக்குக் கணக்கு வராது என்றும், மாமியாருக்குக் காது மந்தம் என்றும் தெரிந்துகொண்டேன். என் மனைவி கடைசி மாதத்தில் என்னென்ன கேட்டாள் என்பதை அவளிடம் சொன்னேன். தீனாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. சனிக்கிழமை டியூபில் எலுமிச்சை வந்தது. "அப்பாடா. அடுத்த புதன் பாக்கலாம் பெரியப்பா" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். ஊருக்கே நல்ல செய்தி. எனக்கு மட்டும் சாவு வீட்டிலிருந்து கடைசி ஆளும் கிளம்பிப் போனது போல இருந்தது. அந்த ஞாயிறு தீனா போன் செய்ய மறந்துவிட்டான்.

அடுத்த புதன்கிழமை நான் செய்ததைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். குழாய் செருமியது, தண்ணீர் வந்தது. அதை விட்டுவிட்டு, முந்தின நாள் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டுகொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன். ஐந்து சொட்டு விட்டாள். தண்ணீர் தண்ணீராகவே நின்றது. "ஐயய்யோ, மறுபடியுமா?" என்றாள். "இன்னாம்மா கொடுமை இது" என்றேன். வியாழன் வந்தாள். வெள்ளியும் குடத்துத் தண்ணீரைக் கொடுத்தேன். சனிக்கிழமை, பாவம் என்று, குழாய்த் தண்ணீரைக் கொடுத்தேன். இப்படியே ஐந்து வாரம். யாருக்கு என்ன நஷ்டம், குழாயில் வருவது நல்ல தண்ணீர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்கிறவனுக்குச் சமாதானம் மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும்.

கடைசி வீட்டில் மருந்து வரவில்லை என்றால் ஆபீஸில் என்ன செய்வார்கள்? தொட்டியில் இன்னும் கொட்டுவார்கள். மூன்றாவது வாரம் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் நாறியது. வாசலுக்கு வாசல் கேன் வந்து இறங்கியது. கேன் வாங்க வழியில்லாதவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். ஐந்தாவது வாரம், அடுத்த தெருவில் சாயம் போடுகிற மணவாளன் ஒரு கட்டு அரக்கு நூலைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் போட்டான். என் கூடப் படித்தவன். போர் தண்ணீர் உப்பு, பட்டின் பளபளப்பைக் கொன்றுவிடும் என்று குழாய்த் தண்ணீரில்தான் சாயம் காய்ச்சுவான்.

"இதைப் பாருடா லோகநாதா. முகூர்த்தப் புடவைக்கு. திட்டுத் திட்டா வெளுத்துக் கெடக்குது. முப்பது வருஷமா எனக்கு இப்படி ஆனதில்ல. தண்ணில மருந்தக் கொட்டோ கொட்டுன்னு கொட்டி வச்சிருக்கானுங்க."

நான் நூலைப் பிரித்துப் பார்த்தேன். அரக்கில் அங்கங்கே செங்கல் நிறம். தொட்டதும் தெரிந்தது, இது என் டம்ளரில் ஆரம்பித்த வெளுப்பு. எதையாவது சொல்லியிருக்கலாம். "சுத்தித் தர்றேன், வெளுத்தத உள்ள தள்ளிப் பாக்கறேன்" என்றேன். "ஆபீஸுக்குப் போய் ரெண்டுல ஒண்ணு பாக்காம வுடமாட்டேன்" என்று மணவாளன் கிளம்பினான். அந்த நூலை மூன்று நாள் சுற்றினேன். மெல்ல ஓட்டி, வெளுப்பு வருகிற இடத்தில் நிறுத்தி, அறுத்து, முடிச்சுப் போட்டு. அத்தனை கவனமாக நான் எதையும் சுற்றியதில்லை.

அடுத்த புதன் வண்டிச் சத்தம் இரண்டாகக் கேட்டது. நான் வழக்கம்போல் குடத்துத் தண்ணீரை டம்ளரில் எடுத்து மிஷின் மேல் தயாராக வைத்திருந்தேன். சத்யப்ரியாவுக்குப் பின்னால் ஓவர்சியர் குமரேசன் வந்தார். அவள் முகம் வெளிறியிருந்தது. டீ வேண்டுமா என்று நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

"முந்தின வீட்டுல இப்பதான் பாத்துட்டு வரேன், கண்ணு கூசற மஞ்சள் வருது. பத்தடி தள்ளி இங்க ஒண்ணுமே இல்லன்னு அஞ்சு வாரமா எழுதிகினு இருக்க" என்றார் ஓவர்சியர் அவளிடம். "நீ இங்க வர்றியா, இல்ல வீட்ல உக்காந்துகினு எழுதறியா? பெரியவரே, குழாய் எங்க?"

பதிலுக்குக் காத்திராமல் பின்கட்டுக்கு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். அவரே பிடித்தார், அவரே சொட்டு விட்டார். டியூபில் வந்தது எலுமிச்சை இல்லை, சந்தனம் இல்லை. மாம்பழம். அவ்வளவு மருந்து.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா" என்றார்.

தினக்கூலி வேலைக்கு அதற்கு மேல் ஒரு தாளும் தேவையில்லை. சத்யப்ரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, நீங்க சொல்லுங்க. ஒரு நாளாச்சும் நான் வராம இருந்திருக்கனா? உங்க கண்ணு முன்னாடிதான பாத்தேன்? கலர் வரல இல்ல? சொல்லுங்க பெரியப்பா." என் மனைவி போன பிறகு என் கையை யாரும் பிடித்ததில்லை. அது அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றியது.

கையை விடுவித்துக்கொண்டு முன்னறைக்குப் போய் டம்ளரை எடுத்து வந்தேன். "இதுல வுட்டுப் பாருங்க சார்" என்றேன். விட்டார். தண்ணீர் தண்ணீராகவே நின்றது.

"இது நேத்து பிடிச்ச தண்ணி. அஞ்சு வாரமா நான்தான் குடுத்துகினு இருக்கேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாது."

"ஏன்யா?"

"முட்டி வலி சார். பின்கட்டு வரைக்கும் நடக்க முடியல. குடத்துல இருந்தத மொண்டு குடுத்துட்டேன்."

இப்போதுதான் அவர் முன்னால் இரண்டு நடை நடந்திருந்தேன். அதை அவர் கவனிக்கவில்லை. வயசானவர்கள் மேல் எல்லோருக்கும் இருக்கிற சலிப்போடு என்னைப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். "நீயேதான் பிடிக்கணும்னு சொன்னனா இல்லியா? இந்த ஒரு வாட்டி வுடறேன். இனிமே இந்த வீட்ல எடுக்காத. முந்தின வீட்ல எடு, அது போதும்." போகிற வழியிலேயே போனைக் காதில் வைத்து, மருந்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

சத்யப்ரியா டியூபைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மூடினாள். மறுபடி திறந்து, வைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"முட்டி வலியா பெரியப்பா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கலர் வரலன்னா தினம் வருவ இல்ல. அதான்."

அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்கு ஒரு நாளைக்கு நூத்தம்பது வீடுங்க" என்றாள். கோபமாக இல்லை, களைப்பாக. "ஆறு மணிக்கு என் புள்ளைங்கள எழுப்பிவுடக்கூட ஆள் இல்ல. இங்க தினம் ஓடியாந்தனேன்னு நெனைச்சிப் பாக்கறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேங்க" என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் பழையபடி ஆகிவிட்டது. கேன்கள் நிற்கவில்லை, ஒருமுறை வந்த கேன் திரும்பிப் போவதில்லை. ஆபீஸுக்குப் போன மணவாளனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நூல் அனுப்புவதை நிறுத்தவில்லை, ஆனால் அவன் வருவதில்லை. ஆள் வந்து போட்டுவிட்டுப் போகிறது. தினமும் குழாய் செருமுகிறது, நானும் "வா" என்கிறேன். கடைசி வீட்டுக்கு இப்போது மருந்து வருகிறதா, இல்லையா? என் வீட்டுத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்க்க இனி யாரும் வரப் போவதில்லை.

இன்று புதன். ஆறரைக்கு வண்டி பக்கத்துச் சின்னம்மாள் வீட்டு வாசலில் நின்றது. அவர்கள் வீட்டுக் குழாய் வாசலிலேயே இருக்கிறது, வழுக்காது. நான் என் வாசற்படியில் புதிதாகப் பிடித்த தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், கை பழகிவிட்டது. சத்யப்ரியா குனிந்து பிடித்தாள், சொட்டு விட்டாள், டியூபைத் தூக்கினாள். வெயில் இந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. அவள் திரும்பியது வெயிலுக்காகத்தான் இருக்க வேண்டும். முகத்தை டியூப் மறைத்திருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

"எலுமிச்சை" என்றேன்.

தெருவுக்குக் கேட்கிற சத்தமில்லை அது. அவள் கை அப்படியே இருந்தது. பிறகு டியூபை இறக்கி, நோட்டை வண்டி சீட்டின் மேல் வைத்து, குனிந்து எழுத ஆரம்பித்தாள்.