இடது மூலை

என் கணவருக்கு இடது கைப் பழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் முழங்கையும் முழங்கையும் இடித்துக்கொள்ளும் என்று, கல்யாணமான புதிதிலேயே மேசையின் இடது ஓரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். கெட்டுப்போன செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வதுதான் உடம்பின் வழக்கம். புற்றுநோய் செல் மட்டும் ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தயாரித்து, சாவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு பிடிவாதம். அந்தப் புரதத்தின் மரபணுவை அடக்கும் மருந்து ஒன்றுதான் என் பல வருட உழைப்பு.

மருந்து ஊற்றினால் செல்கள் செத்தன. ஆனால் நான் சொன்ன காரணத்தால்தான் செத்தனவா? அதற்குப் புரதம் குறைந்ததைக் காட்ட வேண்டும். மருந்தே படாத செல்களில் தொடங்கி, மருந்தைக் கூட்டிக்கொண்டே போய், அவற்றின் புரதங்களை ஒரு மெல்லிய தாளில் வரிசையாகப் பதித்துப் படமெடுப்போம். புரதம் அதிகமென்றால் பட்டை கறுப்பாகத் தெரியும், குறைந்தால் மங்கும். என் படத்தில் மருந்து ஏற ஏறப் பட்டை கறுத்துக்கொண்டே போனது.

"இது வெறும் விஷம்மா," என்றார் ஆய்வகத் தலைவி. "எந்தச் செல் மேல ஊத்தினாலும் சாகும். வெள்ளிக்கிழமை கூட்டத்தோட இத நிறுத்திடலாம்."

நான் கணவரைப் பார்த்தேன்.

"படம் அப்படித்தானே சொல்லுது," என்றார் அவர், என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை, சமாதானக் கொடியாக டீ போட வந்தார். பால் பாக்கெட்டை நிமிர்த்திப் பிடித்து மூலையை வெட்டினார். என் கண் அந்தக் கத்தரிக்கோலிலேயே நின்றுவிட்டது.

"எப்பவும் இடது மூலையத்தான் வெட்டுவீங்களா?"

"கைக்கு வாகா இருக்கு. பால் வந்தா போதாதா?"

"பால விடுங்க. அன்னைக்கு எனக்குப் பல்வலின்னு நீங்கதானே தாள எடுத்து வச்சீங்க. அதுல எந்த மூலைய வெட்டினீங்க?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

அந்தத் தாளுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். புரதத்தின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கோடுகளை இரண்டு ஓரத்திலும் வைப்பது என் வழக்கம் என்பதால், பக்கம் மாறியதை அவையும் காட்டிக்கொடுக்காது. வெட்டிய மூலை ஒன்றுதான் அடையாளம். நான் எப்போதும் வலது மூலையை வெட்டுகிறவள். படமெடுக்கும்போது வெட்டு இடப்பக்கம் இருக்கவே, தாள் குப்புறக் கிடக்கிறது என்று நானே திருப்பிப் போட்டேன். கடைசி வரிசை முதலாகிவிட்டது. மருந்தே படாத செல்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மருந்து குடித்தும் திருந்தவில்லையே என்று அழுதிருக்கிறேன்.

"அப்போ குறைஞ்சிருக்கு," என்றார் அவர் மெதுவாக.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நமக்குப் பிடித்த பதில் என்பதற்காகவே ஒன்றை நம்பிவிடுவதைப் போல ஆபத்து எங்கள் தொழிலில் வேறில்லை.

"மறுபடி செஞ்சு பாத்துடலாம். அளவுக்கோடு ஒரு பக்கம் மட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்," என்றேன். டீ ஆறிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை.

ஆய்வகத்தில் புதுத் தாள் தயாரானதும் கத்தரிக்கோலை அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம், நீயே வெட்டிடு."

"நீங்களே வெட்டுங்க. எங்க வெட்டினீங்கன்னு மட்டும் வாயத் திறந்து சொல்லுங்க."

"இடது," என்றார், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்கிற பையனைப் போல. என் கோபம் அங்கேயே போய்விட்டது.

கூட்டத்துக்குச் சற்று முன்பு படம் திரையில் வந்தது. அளவுக்கோடு இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. அதை ஒட்டிய முதல் பட்டை நல்ல கறுப்பு. அடுத்தது சாம்பல். அதற்கடுத்தது இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"கடைசிப் பட்டை எங்கம்மா?"

"இல்ல மேடம்," என்றேன். இல்லை என்கிற சொல்லை இவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதே கிடையாது.