முற்றத்து மண்

மேசன் தங்கரத்தினம் சுவரில் இருந்த வெடிப்பை ஒருதரம்தான் பார்த்தான். பிறகு குந்தியிருந்து சுவரின் அடியைப் பார்க்கத் தொடங்கினான்.

“அக்கா, இந்த அத்திவாரக் கல்லு எப்ப தொடக்கம் வெளியில தெரியுது?”

“அது எப்பவும் அப்பிடித்தானே,” என்றாள் றீற்றா.

“அத்திவாரத்தை வெளியில விட்டு ஆர் கட்டுவினம்? ஒரு சாணுக்கு மேல மண் போயிருக்கு.”

வாசலில் கதிரை போட்டிருந்த அவள் புருசன் பேணாட், “கள்ளர் இப்ப மண்ணையும் விடுறாங்கள் இல்லைப் போல,” என்றார்.

மேசன் சிரிக்கவில்லை. “முற்றம் கூட்டுறது ஆர்?”

“நான்தான். முப்பத்தொரு வருசம். காய்ச்சலெண்டாலும் கூட்டிப்போட்டுத்தான் படுப்பன். இந்த ஒழுங்கையில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.”

“சருகோட சேர்த்து நாளுக்கு மூண்டு சிரட்டை மண்ணும் போயிருக்கும். எங்க கொட்டுறனீங்கள்?”

பேணாட்தான் கதியால் வேலியைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு நபீஸாவின் வளவு. அது இந்தப் பக்கத்தைவிட உயர்ந்து, கரை கட்டினது போல நின்றது.

“போன மாரி நனைஞ்ச மூலை இது,” என்றான் மேசன். “மேட்டுத் தண்ணி இந்த முறையும் இஞ்சதான் வரும். இன்னொருக்கா நனைஞ்சா சுவர் இறங்கிடும். பூச்சு வேலை பிறகு. முதல்ல அந்த மண்ணை எடுத்து இஞ்ச போடுங்கோ. விளக்குமாத்தை ஒளிச்சு வையுங்கோ.”

அவன் போன பிறகு றீற்றா படலை வரை நடந்தாள், திரும்பி வந்தாள். குசினிக்குள் போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் வெளியே வந்தாள். குடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

“நபீஸாட்டப் போய்க் கேளும்,” என்றார் பேணாட்.

“நீங்கள் கேளுங்கோவன்.”

“போன மாரியில ஒழுங்கையில நிண்டு கத்தினது நானோ? வேணுமெண்டு வளவை உயர்த்தித் தண்ணியைத் திருப்பிவிட்டவள் எண்டு சொன்னது நானோ?”

அதற்குப் பிறகு பதினொரு மாதம் இரண்டு பெண்களும் கதைக்கவில்லை. முதல் சில நாள் கோபத்தில். மற்ற நாளெல்லாம் பழக்கத்தில்.

தூரத்தில் இடி முழங்கியது. றீற்றா செருப்பைக்கூடப் போடாமல் போனாள்.

நபீஸா கயிற்றில் கிடந்த உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், எடுத்த உடுப்பைத் தோளில் போட்டாள், அடுத்ததை எடுத்தாள்.

“என்ர வீட்டு மூலை இறங்கப் போகுதாம்,” என்றாள் றீற்றா.

“மேசன் கதைச்சது கேட்டது. அவருக்கு நல்ல தொண்டை.”

“உங்கட வளவை நீங்கள் உயர்த்தேல்ல. நான்தான் உயர்த்தினனான். ஒழுங்கையில கத்தினது பிழை.”

“ஒழுங்கையில கத்தினதை இஞ்ச வந்து மெதுவாச் சொல்றீங்கள்.”

“திரும்ப ஒழுங்கையில போய்ச் சொல்லட்டோ?”

நபீஸாவின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. “வேணாம். பேணாட் அண்ணன் பாவம்.”

“தினம் மண் வந்து விழுறது உங்களுக்குத் தெரியாதோ?”

“ஏன் தெரியாது? ஒவ்வொரு விடியவும் ஒரு கை மண். ஒரு கை மண்ணுக்கு ஆர் சண்டைக்கு வாற? எனக்கும் இந்தப் பள்ளத்தில தண்ணி நிக்கிறது குறைஞ்சுகொண்டு வந்திச்சு. பேசாம இருந்தன். அது என்ர பிழை.”

“அந்த மண்ணில அரைவாசி தாங்கோ. உங்களுக்கும் பள்ளம் விழாமல்.”

“ஓம். மழை வாறதுக்குள்ள தொடங்குவம். மண்வெட்டி ரெண்டு கொண்டு வாங்கோ, நான் என்ன உங்கட வேலைக்காரியா தனியாக் கொத்த?”

இரண்டு பேரும் கொத்தினார்கள். பேணாட் நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிரேல்ல என்று முனகிக்கொண்டே இரும்புத் தாச்சியில் மண் சுமந்தார். அந்த மூலையின் அத்திவாரக் கல் மண்ணுக்குள் மறையவும் பெருந்துளிகள் விழவும் சரியாக இருந்தது. மூவரும் கூரை ஓரத்தில் ஒதுங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தார்கள். அது மூலைக்கு வந்து, தயங்கி, ஒழுங்கைப் பக்கம் ஓடியது.

“இது முதல் மழைதான்,” என்றாள் றீற்றா. அவளால் சந்தோசப்பட ஏலவில்லை.

நாலாம் நாள் விடிய முற்றமெல்லாம் வேப்பஞ்சருகு. றீற்றா பல் தீட்டினாள், தேத்தண்ணி போட்டாள், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஆறரைப் பூசைக்குப் போகிற சனம் எட்டிப் பார்த்துக்கொண்டு போகும். ‘றீற்றாவுக்கு ஏலாமல் வந்திட்டுது போல’ என்று கதைக்கும். வெளியே வந்து நின்றாள். விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தன.

வேலிக்கு அந்தப் பக்கத்தில் நபீஸாவின் குரல்: “என்ன, கை அரிக்குதோ?”

“அரிக்குது. விளக்குமாத்தால ஒருக்கால் மெதுவா இழுத்துவிட்டா என்ன?”

“இண்டைக்கு மட்டும் பொறுங்கோ.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இண்டைக்கு மட்டும்தான். வந்து வேலியில நிண்டு கதையுங்கோ, அவ்வளவு நேரமும் போயிடும்.”

றீற்றா சருகை மிதித்துக்கொண்டு போனாள். காலுக்கடியில் அது நொறுங்கியது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.