இடப்பக்கக் கீறல்கள்

…அடியில் துரு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும், எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்கவேண்டும், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லவேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்… யூடியூபில் ஒரு தாடிக்காரன் சொன்னதையெல்லாம் யாதவி ரயில் லாங்கன்தாலில் நிற்கும்வரை மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டே வந்தாள், பரீட்சைக்குப் போகிறவளைப் போல, ஆனால் பரீட்சையென்றால் தோற்றாலும் திரும்ப எழுதலாம். போன கிழமை பார்த்த காரின் அடியில் விரலால் அழுத்தியதும் துரு பொலபொலவென்று உதிர்ந்தது, அதற்கு முதல் பார்த்தது ஸ்டார்ட் ஆகும்போதே இருமியது, ஒரு மாணவியின் கையில் இருக்கிற காசுக்கு இந்த நாட்டில் எல்லோரும் ஓடிக் களைத்துத் தள்ளிவிட்டவைதான் கிடைக்கும்போல. கார் இல்லாமல் சமாளிக்கலாம் என்றும் இல்லை. திரிம்பாக்குக்கு மேலே மலையில் இருக்கிற முதியோர் இல்லத்தில் அவளுக்குப் பிராக்டிகும், தாதிப் படிப்பின் செய்முறைப் பயிற்சி, காலை வேலை தொடங்கிய பிறகுதான் முதல் பஸ் மலையேறும், வீட்டில் இருக்கிற ஒரே காரில் அப்பா ஹோட்டல் சமையலுக்குப் போய்விடுவார், இதுவரை ஏற்றிக்கொண்டு போன ரிஷானி பயிற்சியை முடித்துப் போய்விட்டாள். இரண்டு தரம் பிந்தியாயிற்று. பொறுப்பாளர் பெண்மணி கோபப்படக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது, இன்னொரு தரம் என்றால் பாடசாலைக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். அறிவித்தால் என்ன நடக்கும்? பயிற்சி போய்விடும், அதோடு ஒரு வருடம் போய்விடும், அம்மா யாரோடும் ஒன்றும் கதைக்காமல் உடுப்பு மடிப்பாள்…

கோயில் ஆட்களின் வட்ஸ்அப் குழுவில்தான் இந்தக் காரின் படம் வந்தது, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ஜப்பான் கார், ஒரே ஆள் ஓடியது, சண்முகலிங்கம் என்று பெயர். மூடுபனிக்குள் அடுக்குமாடியின் வாசலில் சாரம் கட்டாத குறையாக வீட்டுச் செருப்போடு நின்றிருந்தார், ஐம்பத்தைந்து அறுபது இருக்கும், நல்ல உடம்பு, பெரிய கை. அவள் பக்கத்தில் போய் வணக்கம் சொன்ன பிறகும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சட்டென்று திரும்பி, வாங்கோ பிள்ளை, நீங்கள் இவ்வளவு கெதியா வருவியள் எண்டு நினைக்கேல்லை என்று சிரித்தார். காலையில் பேப்பர் போடுகிறார், பின்னேரம் அலுவலகங்கள் துடைக்கிறார், இருபத்தைந்து வருடம் இந்த ஊர். நிலத்தடித் தரிப்பிடத்துக்கு இறங்கிப் போகும்போதே எல்லாம் சொல்லிவிட்டார். அப்பாவின் வயது, அப்பாவின் அதே நடை… இப்படியான ஆளிடம் எப்படி விலை குறைத்துக் கேட்பது? கேட்கத்தான் வேண்டும், பாவம் பார்த்தால் மலையேற முடியாது.

எஞ்சின் ஆறித்தான் கிடந்தது, கையை வைத்துப் பார்த்தாள், அவருக்கு அது விளங்கிச் சிரித்தார். எண்ணெய் சுத்தம், அடியில் துரு இல்லை, வண்டிச் சோதனை இந்த வருடம்தான் செய்தது, குளிர்கால ரயர்களில் இன்னும் நல்ல ஆழம். வலப்பக்கக் கதவுகளில் ஒரு கோடுகூட இல்லை, கடையிலிருந்து நேற்று எடுத்த மாதிரி, அவள் முழங்காலில் இருந்து போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றி வந்தாள், இடப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. பின்கதவிலிருந்து முன்சில்லு வரைக்கும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறல், கண்ணாடி கறுப்பு நாடா சுற்றி நிற்கிறது, முன்மூலை உள்ளே போயிருக்கிறது. தரிப்பிடத்தின் தூணில் அவள் இடுப்புயரத்துக்குச் சாம்பல் நிறப் பெயின்ற் இழுபட்டுக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒழுங்காக விடுகிறதில்லை பிள்ளை, நெருக்கிப்போட்டுப் போயிடுவினம் என்றார். யாதவிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், இதை வைத்து விலையை நன்றாக இறக்கலாம், கீறல் ஓடாது, எஞ்சின்தானே ஓடும், கீறலுக்குள் துரு பிடிக்கப் பல வருடம் எடுக்கும், அதற்குள் படிப்பு முடிந்துவிடும்… எல்லாம் புதுக்கீறல், ஒன்றில்கூட ஊத்தை ஏறவில்லை. எல்லாம் ஒரே பக்கம். அது ஏன் என்று அந்த நேரம் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் தான் ஓடிக் காட்டுவதாகச் சொல்லி அவரே ஓடுகிறவர் இருக்கையில் ஏறினார், இந்த நாட்டில் அது இடப்பக்கம், அவள் அவருக்கு வலப்பக்கம் இருந்தாள். ஓடிக்கொண்டே கதைத்தார். இந்தக் காசை முற்பணமாகக் கட்டி ஒரு வான் எடுக்கப்போகிறாராம், தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி இறக்குகிற வேலை ஒருவர் தருகிறாராம், லாங்கன்தாலிலிருந்து நொஷாட்டல் வரைக்கும், நல்ல வேலை, துடைப்பு வேலையை விட்டுவிடலாம். வேலைக்குப் போகாமல் இருந்ததே இல்லை, இந்தக் கோடையில் மட்டும் ஒருநாள் தலையிடி, வாழ்க்கையில் அப்படியொரு தலையிடி வந்ததில்லை, இரண்டு நாள் படுத்துக் கிடந்தார், டொக்டரிடமும் போகவில்லை, தானாகவே மாறிவிட்டது. யாதவி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள், கியர் மாறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள், நல்ல கார், உண்மையிலேயே நல்ல கார்… சுற்றுவட்டம் வந்தது, இடப்பக்கமிருந்து ஒரு வெள்ளை லொறி வந்துகொண்டிருந்தது, அவர் நிறுத்துவார் என்று இருந்தாள், வேகத்தைக் குறைத்தார், பார்த்தார், நேராகப் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், உள்ளே விட்டுவிட்டார். லொறியின் முகம் அவருடைய தலைக்குப் பின்னால் பெரிதாக வந்தது, அதன் ரயர்கள் கத்தின, ஹோர்ன் நீளமாக அடித்தது. ஹோர்ன் எங்கிருந்து வருகிறது என்று அவர் வலப்பக்கம் திரும்பித் தேடினார்.

“இந்த ஆக்களுக்குப் பொறுமை எண்டதே இல்லைப் பிள்ளை,” என்றார்.

அவளுக்கு ஃப்ராவ் லூதி ஞாபகம் வந்தாள். அந்த இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிற கிழவி, பக்கவாதம் வந்து போன பிறகு தட்டின் வலது பாதியை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்றைக்கு இறைச்சியே வைக்கவில்லை என்று முறைப்பாடு சொல்லுவாள், தட்டைத் திருப்பி வைத்தால், ஓ, இருக்கிறதே என்று சந்தோஷப்படுவாள். கண்ணில் ஒரு பிழையும் இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கைவிட்டுவிட்டது, இல்லாத பக்கம் தனக்கு இல்லை என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது என்று வகுப்பில் சொன்னபோது, தெரியாமல் எப்படி இருக்கும் என்று யாதவிதான் கையுயர்த்திக் கேட்டாள். தலையிடி, தூண், கண்ணாடி, லொறி… இல்லை, நீ டொக்டரா? இரண்டாம் வருடம் படிக்கிறவள், எல்லோரிடமும் நோய் காண்கிற வருத்தம் அந்த வகுப்பில் எல்லோருக்குமே இருக்கிறது. ஆனால் வாசலில் அவள் எந்தப் பக்கமிருந்து வந்தாள்? அவருடைய இடப்பக்கமிருந்துதான். இனி நான் ஓடுகிறேன் மாமா என்று அவள் சொன்ன குரல் அவளுக்கே கேட்கவில்லை, பிறகு கொஞ்சம் உரத்துச் சொன்னாள். ஓரமாக நிறுத்தி இடம் மாறினார்கள். அவளுடைய காலுக்குக் கீழே கார் பூனையைப் போலப் போனது, பிரேக் பிடித்த இடத்தில் நின்றது, இவ்வளவு நாளும் தேடியது இதுதான், இதைப்போல இனிக் கிடைக்காது. அந்தச் சந்தோஷம் வேறு வந்து நடுவில் நின்றது வெட்கமாக இருந்தது.

தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டேன் என்று மேலே கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மனைவி இந்திரா மெலிந்த பெண், அதிகம் கதைக்கவில்லை, கேக்கும் வடையும் வைத்த தட்டை அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள், அவர் வடையை எடுத்துச் சாப்பிட்டார், கேக்கைத் தொடவில்லை, கொஞ்சநேரத்தில் அவள் ஜன்னல்சீலையை இழுத்துவிடப் போகிற வழியில் நிற்காமலே தட்டைப் பாதி திருப்பிவிட்டுப் போனாள். அவர் கேக்கை எடுத்தார். யாதவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். எவ்வளவு பழகிய கை, தினமும் மூன்று நேரமும் திருப்புகிற கை, இல்லத்தில் தனக்கே இன்னும் அப்படி வராது… கோப்பைகளை எடுத்துக்கொண்டு இந்திராவுக்குப் பின்னால் குசினிக்குள் போனாள். மாமி, மாமாவுக்கு எப்பயிலிருந்து இப்படி என்று மட்டும்தான் கேட்டாள். இந்திரா தண்ணீரைத் திறந்துவிட்டாள், உள்ளே கேட்கக்கூடாது என்பதற்காக.

“காலமையில நானும் கூடப் போறனான் பிள்ளை. பக்கத்தில இருந்து இடப்பக்கத்தை நான் பாத்துச் சொல்லுவன், இஞ்சால கார் வருது, இஞ்சால ஆள் வருது எண்டு. வானிலயும் பக்கத்தில சீற் இருக்குத்தானே.” பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. லைசன் போனால் இந்த மனுசன் இருக்காது.”

பக்கத்தில் இருந்து… யாதவி அந்தக் காரின் வலது இருக்கையை நினைத்தாள், அங்கேயிருந்து இந்த மெலிந்த பெண் கழுத்தை எட்டி எட்டி அவரைத் தாண்டி மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு போவதை நினைத்தாள், இருட்டில், பனியில், காய்ச்சல் வந்த நாளிலும். இன்றைக்கு அந்த இருக்கையில் இருந்தவள் யாதவி. நீங்கள் தடுமாறினால், நித்திரை தூங்கினால், அந்த நேரம் ஒரு பிள்ளை குறுக்கே வந்தால் என்று கேட்க வந்தது, அதையெல்லாம் இவள் கேட்டுக்கொள்ளாமலா இருப்பாள்? நான் வாங்கினால் வான். வாங்காவிட்டால் வேறு யாரோ வாங்குவார்கள், அப்போதும் வான். யாருமே வாங்காவிட்டால் இதே காரில் நாளைக் காலை. எந்தப் பக்கம் யோசித்தாலும் அவர் ஓடிக்கொண்டேதான் இருந்தார். காவல்துறைக்குச் சொல்லலாம், ஒரு தொலைபேசி அழைப்புதான், அதற்குப் பிறகு கோயிலில் இந்திராவின் முகத்தை எப்படிப் பார்ப்பது… முகம் பெரிதா ஒரு உயிர் பெரிதா என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லுவார்கள், அவளும் சொல்லுவாள், எழுதிப் புள்ளியும் எடுப்பாள்.

திரும்பக் கீழே போனபோது சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். மாமி மேலேயே நின்றுவிட்டாள். அவர் ஒரு துணியை எடுத்துக் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார், விற்கிற காரை யாராவது இப்படித் துடைப்பார்களா, அவள் கிட்டப் போனாள்.

“மாமா, நீங்கள் ஒருக்கா டொக்டரிட்டக் காட்டோணும். அந்தத் தலையிடிக்குப் பிறகு உங்களுக்கு இடப்பக்கம் தெரியுதில்லை எண்டு நினைக்கிறன். இப்ப கார் ஓடக்கூடாது.”

சொல்லிவிட்டாள். அவர் துடைத்துக்கொண்டேயிருந்தார், கை நிற்கவில்லை, முகம் மாறவில்லை, துணியை உதறி மடித்தார், பிறகு வேறெங்கோ இருக்கிற ஆளிடம் கேட்பதுபோல, “அப்ப பிள்ளை எடுக்கிறீங்களோ?” என்றார். கேட்காத மாதிரி இருந்துவிட்டார், பெரிய மனிதர், தன்னுடைய மகள் வயதுப் பெண் சொல்வதற்கு வேறு என்ன செய்வார், சண்டை பிடிக்காமல் அப்படியே தாண்டிப் போய்விட்டார், அதுவும் ஒரு மரியாதைதான் என்று யாதவி நினைத்தாள். விலையைப் பற்றிக்கூட அவள் பேசவில்லை, அவராகவே கீறலுக்கென்று குறைத்துச் சொன்னார். ஓம் மாமா என்றாள். பதிவை மாற்றுகிற வேலையைத் திங்களன்று பார்ப்போம் என்றார், ஸ்டேஷன் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் விடட்டோ என்று கேட்டார், இல்லை மாமா நான் நடந்து போறன் என்று கிட்டத்தட்ட ஓடிவந்தாள்.

ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. நல்ல கார் கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்கு எழுதினாள், அம்மா உடனே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவேண்டும் என்று திருப்பி எழுதினாள். நான் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது, கேட்காதது அவருடைய விருப்பம்… இப்படித் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொரு தரமும் அவர் துடைத்துக்கொண்டு நின்றதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது, அந்தக் கன்னம், சவரக்கத்தி படாமல் விட்ட நரைமயிர், தாடையிலிருந்து காதுவரைக்கும் ஒரு திட்டாக… காரில் அவருக்கு வலப்பக்கம் இருந்து பார்த்தபோது மழுங்கச் சவரம் செய்த கன்னமாகத்தானே தெரிந்தது? அப்படியானால் சொல்லும்போது அவள் நின்றது அவருடைய இடப்பக்கம். ஹோர்ன் அடித்தபோது அவர் வலப்பக்கம் தேடினார். கேட்காத மாதிரி இருந்தாரா, கேட்கவேயில்லையா? போனில் அவருடைய இலக்கம் இருந்தது, எடுத்தாள், பெயரைப் பார்த்தாள், திரை மங்கி அணைந்தது. ஃப்ராவ் லூதியிடம் மருந்தைப் பற்றியோ மகன் வருவதைப் பற்றியோ சொல்லவேண்டுமென்றால் யாதவியின் கால்கள் யோசிக்காமலே கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் போகும், முதல் கிழமையே பழகிவிட்ட கால்கள், ஒருநாளும் பிழைத்ததில்லை… இன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை? ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திடம் அவள் அதைக் கேட்கவில்லை, ரயில் ஒல்டனுக்குள் மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தவர் எழும்பி நின்று, இறங்கப் போகிறாளா என்று இரண்டாம் தரமும் கேட்டார்.