அரை டம்ளர் தீர்த்தம்

விடிந்து சற்று நேரந்தான் ஆகியிருந்தது. அதற்குள் அஸ்னாகெச் தன் கட்டில் விரிப்பை மூன்று முறை உதறிப் போட்டுவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஜன்னல் வரை நடந்து, கீழே அடிஸ் அபாபாவின் நீல வெள்ளை வேன்கள் ஆள் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, தன் வெள்ளைச் சால்வையை மறுபடி மடித்தாள்.

அன்று காலை முதல் அறுவை அவளுக்குத்தான். பெருங்குடலில் கட்டி. எடுக்காவிட்டால் பரவிவிடும் என்று சொல்லி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பெயர் வரிசையில் ஏறி, இரண்டு முறை தள்ளிப்போய், இன்றைக்குத்தான் நாள் கிடைத்திருந்தது. இன்றைக்கு விட்டால் அடுத்தது எப்போதென்று யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியதையெல்லாம் அவள் செய்து முடித்திருந்தாள். மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு அவள்தான் தினமும் இஞ்செரா அப்பம் சுட்டுக் கொடுப்பவள். புளித்த மாவையும் அடுப்பையும் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தாள். அக்காள் மகன்கள் இருவர் வந்து ரத்தம் கொடுத்துப் போனார்கள். பாவமன்னிப்புக் கேட்டாள், நற்கருணை வாங்கினாள், ஏழு வருடமாகப் பேசாமலிருந்த ஓரகத்தி வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தாள். சாவு வீடுகளுக்குப் பந்தலும் பாத்திரமும் கொண்டுபோகும் தெருச் சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் முந்தின நாள் சாயங்காலம் வந்து கட்டிலைச் சுற்றி நின்று மூக்கைச் சிந்தினார்கள். "பந்தலும் பாத்திரமும் எங்கடி? வெளியே வண்டியிலே இருக்கா?" என்று அவள் கேட்ட பிறகுதான் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

நள்ளிரவுக்கு மேல் வாயில் எதுவும் படக்கூடாது என்று நர்ஸ் ஹிப்ரெத் சொன்னபோதும் அவள் சிரித்தாள். வருடத்தில் பாதி நாள் நோன்பிருந்தே வளர்ந்தவள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மதியம் வரை அடுப்படியில் நின்று பழகியவள்.

"நோன்பு இருக்க எனக்கா கத்துக் குடுக்கிறே, மகளே?" என்றாள்.

விடியற்காலையில் நாத்தனார் திரிங்கோ வந்தாள். மலை மேலிருக்கும் மரியாம் மாதா கோயிலில் இருட்டோடு வரிசையில் நின்று, வெறுங்காலோடு இறங்கி வந்திருந்தாள். மஞ்சள் கேனில் தீர்த்தம். அஸ்னாகெச் சிலுவை இட்டுக்கொண்டு அரை டம்ளர் வாங்கிக் குடித்தாள். தீர்த்தத்தை வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். அதனால் நோன்பு முறியாது. சிறுவயது முதல் அறிந்த விஷயம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சற்றைக்கெல்லாம் ஹிப்ரெத் பட்டியலோடு வந்தாள். ஏதாவது சாப்பிட்டீர்களா, குடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றாள் அஸ்னாகெச், மனதில் ஒரு உறுத்தலும் இல்லாமல். ஞானஸ்நானத்தில் கட்டிய கழுத்துக் கயிற்றை அவள் கழற்றியதே இல்லை என்று தெரிந்து, ஹிப்ரெத் அதை அவிழ்க்காமல் துணி வைத்து ஒட்டிவிட்டாள். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அடுத்த கட்டிலில் ஜிம்மா பக்கத்திலிருந்து வந்த ஜெய்னபா. நாற்பது வயதுக்காரி. கட்டி இருந்த ஒரு சிறுநீரகத்தையே எடுக்கப் போகிறார்கள். இன்றைய பட்டியலில் அவள் இரண்டாவது. கூட யாரும் இல்லை. தகப்பன் விட்டுப்போன காப்பித் தோட்டத்தைப் பிரித்ததில் அவளும் அவள் தம்பி கெதீரும் இரண்டு வருடமாகப் பேச்சை விட்டிருந்தார்கள். நேற்று அவனே போன் செய்து, காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன் என்றானாம். மதியத்துக்குள் வந்துவிடுவான். உள்ளே போகும் முன் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அவள் நேற்றிலிருந்து பத்துத் தடவை சொல்லியிருப்பாள்.

ஜெய்னபா நர்ஸிடம் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டாள். விடியல் தொழுகைக்குக் கைகால் கழுவும்போது வாயும் கொப்பளித்தாளாம். துப்பிவிட்டாள். ஆனாலும் ஒரு துளி உள்ளே போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறதாம்.

துப்பியிருந்தால் பரவாயில்லை என்றாள் ஹிப்ரெத். "விழுங்கினாத்தான் ஆபத்து. மயக்கத்திலே இருக்கிறப்ப வயித்துல உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். அது தண்ணியா, பாலான்னு நுரையீரலுக்குத் தெரியாது."

அஸ்னாகெச் சால்வையை மடிப்பதை நிறுத்தினாள்.

ஹிப்ரெத் போனதும் திரிங்கோவின் கையைப் பிடித்து இழுத்தாள். சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். திரிங்கோ கேனைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க அண்ணி. அது என்ன குழாய்த் தண்ணியா? மாதா குடுத்தது. அது உங்களை ஏன் கெடுக்கப் போவுது? சொன்னீங்கன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. மறுபடி நாலு மாசம். அதுக்குள்ள உங்க கட்டி சும்மா இருக்குமா?"

அதுதான் அஸ்னாகெச்சுக்கும் பயம். ஜன்னலுக்குப் போனாள். திரும்பினாள். கதவு வரை போனாள். தீர்த்தத்தின் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைக் குடித்த வாயாலேயே குடிக்கவில்லை என்று சொன்னாயிற்று. தெரியாமல் சொன்னபோது அது பொய் இல்லை. இனிமேல் பேசாமல் இருந்தால் பொய். மயக்கம் கொடுக்கப் போகிறவர் அவள் வார்த்தையை நம்பித்தான் ஊசி போடுவார். பெற்றவள் கையில் பிள்ளையைப் போல அவர் கையில் தன்னை ஒப்படைக்கும்போது, இதை மட்டும் எப்படி மறைப்பது?

நடைவழியில் தள்ளுகட்டிலின் சக்கரச் சத்தம் கேட்டது. அவள் அதற்கு எதிரே நடந்துபோய் ஹிப்ரெத்தின் முன்னால் நின்றாள்.

"மகளே, நான் தீர்த்தம் குடிச்சேன். அரை டம்ளர். அதைக் குடிக்கிறதுன்னு நான் நினைக்கல."

ஹிப்ரெத்தின் முகம் சுருங்கியது. திட்டவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

மயக்க மருந்து டாக்டர் யாரெத் ஒல்லியான மனிதர், வேகமாகப் பேசுபவர். எப்போது, எவ்வளவு, அதில் மண்ணோ சாம்பலோ கரைத்திருந்ததா என்றெல்லாம் கேட்டார். அழுதுகொண்டே நின்ற திரிங்கோவிடம் கேனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிந்த தண்ணீர்.

"இவ மேல கோபிக்காதீங்க டாக்டரய்யா. வெறுங்காலோட மலை இறங்கி வந்திருக்கா" என்றாள் அஸ்னாகெச்.

"எங்கம்மாவும் இதையேதான் செஞ்சிருப்பாங்க" என்றார் அவர். திரிங்கோவின் அழுகை சற்று அடங்கியது.

பிறகு நிலைமையைச் சொன்னார். இப்போதே மயக்கம் கொடுக்க முடியாது. சில மணி நேரம் கழித்துக் கொடுத்தால் பயமில்லை. ஆனால் சர்ஜன் தயாராக நிற்கிறார், மேஜையைக் காலியாகப் போட்டால் இன்றைக்குள் இரண்டு அறுவைக்கு நேரம் போதாது. இரண்டாவதாக இருப்பவர் முதலில் போகச் சம்மதித்தால் இருவருக்கும் இன்றே நடக்கும். இல்லாவிட்டால் அஸ்னாகெச்சுக்கு வேறு நாள்தான். கட்டாயம் ஒன்றும் இல்லை என்று ஜெய்னபாவைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

ஜெய்னபா போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். மலைப்பாதையில் இருந்தானோ என்னவோ, மணியே அடிக்கவில்லை. போனைத் தலையணை மேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அஸ்னாகெச்சால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"வேணாம் ஜெய்னபா. உன் தம்பி வரட்டும். தப்பு என்னோடது. நான் இன்னொரு நாள் பாத்துக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் நடந்தாள்.

"உக்காருங்க அக்கா. காலையிலேருந்து நீங்க நடக்கிற நடைக்கு ஜிம்மாவுக்கே போய் அவனைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கலாம்." ஜெய்னபா தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "இன்னொரு நாள் வரைக்கும் உங்களை இந்த வார்டுல யாரு தாங்குவாங்க? நான் முதல்ல போறேன்."

டாக்டர் தலையசைத்துவிட்டு வேகமாகப் போனார். ஜெய்னபா தள்ளுகட்டிலில் ஏறிப் படுத்ததும் அஸ்னாகெச் குனிந்தாள். தம்பியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

"வழியிலே ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான், கடன்காரன். முதல்ல டீ குடிக்கச் சொல்லுங்க." கொஞ்சம் பொறுத்து, "தோட்டத்தைப் பத்தி எதையும் பேச வேணாம்னு சொல்லுங்க. வந்தானே, அது போதும்."

கட்டில் நகர்ந்தது. அஸ்னாகெச் தன் கட்டிலில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு ஒரு வேலை இருந்தது. கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மதியத்துக்குச் சற்று முன் கெதீர் வந்தான். கால்சட்டையெல்லாம் செம்மண் தூசி. காலியான கட்டிலைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் எழுந்துபோய் அவனை அழைத்து வந்து, தான் யார் என்பதையும், அவன் அக்கா ஏன் முன்னாலேயே போனாள் என்பதையும், தன் மேல்தான் தவறு என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் முகம் இறுகியது. அக்கா சொல்லியனுப்பியதை அவள் சொன்னபோது கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். திரிங்கோ ஓடிப்போய் டீயும் ரொட்டியும் வாங்கி வந்தாள். அவன் எழுந்தும் உட்கார்ந்தும் தவித்ததைப் பார்த்து, அஸ்னாகெச் அவன் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்து, டம்ளரைக் கையில் திணித்தாள். ஜெய்னபாவுக்காகவும் மரியாமிடம் வேண்டிக்கொண்டாள். அவன் விரல்களில் எண்ணியபடி தன் வேண்டுதலை உதட்டுக்குள் சொன்னான்.

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிய பிறகு ஹிப்ரெத் வந்தாள். ஜெய்னபாவுக்கு அறுவை முடிந்தது, கட்டி முழுசாக வந்துவிட்டது, தூங்குகிறாள், தம்பி கதவருகே நின்று பார்க்கலாம் என்றாள். அஸ்னாகெச்சுக்கான தள்ளுகட்டிலும் கூடவே வந்திருந்தது. தள்ள ஒரே ஆள். முன்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

கெதீர் கதவு வரை விரைந்தான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தான். மறுபடி வந்து அஸ்னாகெச் ஏறிப் படுத்திருந்த தள்ளுகட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தான்.

"போப்பா, அக்காவைப் பாரு" என்றாள் அஸ்னாகெச்.

"அவ தூங்குறா, அம்மா. உங்களை விட்டுட்டுப் போறேன்."

இரண்டு பேருமாகத் தள்ள, கட்டில் கோணாமல் நேராகப் போயிற்று. பக்கத்தில் திரிங்கோ வெறுங்காலோடு ஓடி வந்தாள். அஸ்னாகெச் கைகளை வயிற்றின் மேல் வைத்து, அசையாமல் படுத்திருந்தாள்.