அக்கா கேட்டது

எங்கள் சமோவாவில் அக்கா கேட்டதைத் தம்பி மறுப்பதில்லை. அவள் மனம் நொந்து சபித்தால் அவன் வீட்டில் பிள்ளை தங்காது என்பார்கள். இதெல்லாம் துரைமார்களுக்குத் தெரியுமா என்ன? கரைக்குக் காவல் ஆள் தேடினார்கள், என் கையில் துப்பாக்கியைத் திணித்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்துத் தீவு உபோலுவில் கொள்ளைக் காய்ச்சல். அங்கே நியூசிலாந்துக்காரன் ஆட்சி. நோயாளிகளோடு வந்த கப்பலைத் தடுக்காமல் விட்டுவிட்டான். ஊர் ஊராகச் செத்தார்கள். எங்கள் டுட்டுவிலாவில் அமெரிக்கக் கடற்படையின் ஆட்சி. உபோலுவிலிருந்து ஒரு படகும் இங்கே ஒதுங்கக்கூடாது என்று உத்தரவு. நல்ல உத்தரவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் அக்கா ஃபுவாடினோவைக் கட்டிக்கொடுத்தது உபோலுவில். எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"ஏன்யா இப்படிக் கால்ல சக்கரம் கட்டின மாதிரி அலையுற? பாக்கிற எனக்கே கால் வலிக்குது," என்றான் கூடக் காவல் நின்ற மரேகோ.

"உங்கக்கா அங்க இருந்தா உனக்குத் தெரியும்."

மூன்றாம் வாரம், ஒரு காலையில் படகு வந்தது. துடுப்புப் போட்ட இருவரைத் தெரியவில்லை. நடுவில் இருந்தவளைத் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஈரப்பலா மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன், வெட்கங்கெட்டவன். அவள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"நீயே சொல்லிடுடா," என்று மரேகோவிடம் கெஞ்சினேன்.

அவன் முழங்கால் தண்ணீர்வரை போய்த் துப்பாக்கியை நீட்டினான். "திரும்பிப் போங்கம்மா. உத்தரவு."

"என் தம்பி பெனியமினா எங்க? அவன் வந்து சொல்லட்டும்."

அதற்கு மேல் ஒளிந்திருக்க முடியுமா? போனேன். அக்காவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மகள் எசெட்டா அவள் மடியில் தலைவைத்து, பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

"எம் புருசனப் பொதச்சுட்டு வர்றேன் தம்பி. நான் எறங்கல. புள்ளைய மட்டும் வாங்கிக்க. அதுக்குக் காய்ச்சல் இல்ல."

சொல்லும்போதே இருமினாள். எனக்குப் பின்னால் என் நான்கு பிள்ளைகள், முழு ஊர்.

"முடியாதுக்கா," என்றேன். என் நாக்கு அழுகிப்போக.

சபிப்பாள் என்று நின்றேன். சபித்திருந்தால்கூட ஆறியிருக்கும். "சரி" என்று மட்டும் சொன்னாள். மரேகோ இளநீர்க் குலைகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டான்; துடுப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டு படகைத் திருப்பினார்கள். எசெட்டா கடைசிவரை கண் விழிக்கவில்லை.

எங்கள் ஊரில் அந்தக் காய்ச்சலுக்கு ஒருவரும் சாகவில்லை. காவல்காரர்களுக்குப் பன்றி சுட்டு விருந்து வைத்தார்கள். நான் என் பங்கை மரேகோவிடம் தள்ளிவிட்டேன்.

தடை நீங்கியதும் எசெட்டாவை எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். ஊர் திரும்பிய நாலாம் நாளே அக்கா போய்விட்டாளாம். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்தது.

"மாமா, அன்னைக்கு நீங்க எங்க போயிருந்தீங்க?"

"என்னைக்கும்மா?"

"நாங்க படகுல வந்தப்ப. யாரோ தெரியாத ஆளு எங்கள வெரட்டிட்டானாம். மாமா அங்க இல்ல, இருந்திருந்தா நம்மள எறங்க விட்டிருப்பாருன்னு அம்மா சொன்னாங்க. சாகுறப்பவும் அதத்தான் சொன்னாங்க."

"ஆமாம்மா," என்றேன். "நான் அன்னைக்கு ஊர்ல இல்ல."