பெட்டியப்பனுக்கு ஒரு சிவப்பு சாக்பீஸ்

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் மகா மக்கு யார் என்று கேட்டால், பிள்ளைகள் ஒரே குரலில் பெட்டியப்பன் என்பார்கள். பெட்டியப்பன் என்பது சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவி. வேணி டீச்சர் தன் செல்போனை அதோடு இணைத்துவிட்டால், போனில் பேசுவதெல்லாம் டிவியில் எழுத்தாக வந்து விழும். விழும் என்பதுதான் பேச்சு. விழுந்த அழகை வேணியிடம்தான் கேட்க வேண்டும்.

முதல் நாள் பானுப்ரியா போனை வாயருகே வைத்துக்கொண்டு, "எங்க வூட்டுல கோளி முட்ட போட்டுச்சு" என்றாள். டிவி சற்று யோசித்துவிட்டு, 'எங்க ரூட்டுல கோலி முட்டை போட்டுச்சு' என்று எழுதியது. கோலிக்குண்டு நடுரோட்டில் முட்டை போடுவதை நினைத்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வேணிக்கு அழுகை வந்தது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் கேட்டு வாங்கிய டிவி, வந்த அன்றே மானத்தை வாங்குகிறதே என்று இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, மேசையிலிருந்த சிவப்பு சாக்பீஸை எடுத்துப் பானுப்ரியாவிடம் நீட்டினாள்.

"வூடுன்னு சொல்றது தப்பில்ல. அவனுக்கு அது புரியல, அவ்ளோதான். இப்ப நீதான் டீச்சர். அவன் எழுதுனத திருத்து."

அவ்வளவுதான், வகுப்புக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து சிவப்பு மையை வாங்கிக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு, முதல் முறையாகச் சிவப்பைக் கொடுக்கும் அதிகாரம் கிடைத்தது. தப்பாக எழுதினால் அஞ்சு தடவை எழுத வேண்டும் என்பது அந்த வகுப்பின் சட்டம். பெட்டியப்பனுக்குக் கை கிடையாது. எனவே அவனுக்காக அவர்களே கரும்பலகையில் அஞ்சு தடவை எழுதினார்கள், அதற்கும் அடித்துக்கொண்டார்கள். தாங்கள் எழுதிப் பழகுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேணியும் மூச்சு விடவில்லை.

பெட்டியப்பனின் பரம எதிரி தமிழழகன். பெயரில் ரெண்டு ழகரத்தை வைத்துக்கொண்டு ஒன்றையும் சொல்ல வராத பையன். அவன் "தமிளளகன்" என்பான். டிவி 'தமில் லாகன்' என்னும், 'தம்பி அலகு' என்னும், ஒரு நாள் 'தக்காளி அளவு' என்றே எழுதிவிட்டது. தமிழழகன் நாக்கை மடித்து, கண்ணை உருட்டி, டிவியோடு மூக்கும் மூக்குமாக நின்று தினமும் சண்டை போட்டான்.

ஆனால் டிவி பள்ளிக்குச் சொந்தமில்லை. சோதனைக்காகக் கொடுத்திருந்தார்கள். வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. வட்டாரக் கல்வி அலுவலர் அம்பிகா நேரில் வந்து பார்த்து, எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு சொல்வதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் காசிநாதன், டிவி வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பீரோ மேல் பத்திரமாக வைத்திருந்தார். திருப்பி அனுப்பும்போது வேண்டுமாம்.

வருகைக்கு முதல் நாள் வேணி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு மேடம் வராங்க. எல்லாரும் நல்லாப் பேசணும், என்ன?" என்றாள். பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

மறுநாள் அம்பிகா வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகளோடு வகுப்பு தயாராக இருந்தது. ஆளுக்கொரு சிவப்பு சாக்பீஸ். பானுப்ரியா போனை வாங்கி, "எங்கள் வீட்டில் கோழி முட்டை போட்டது" என்றாள். டிவி அப்படியே எழுதியது. ஒரு கொம்பு, ஒரு புள்ளி தப்பில்லை. அடுத்தவள் சொன்னாள், அதுவும் சரி. அதற்கடுத்தவனும் சரி. சாக்பீஸ் பிடித்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நல்லாப் பேசச் சொன்னால் தப்பே வராது, தப்பு வராவிட்டால் திருத்த ஒன்றுமே இராது என்பது வேணிக்கு அப்போதுதான் உறைத்தது.

தமிழழகன் வந்தான். நாக்கை மடித்து, கண்ணை மூடிக்கொண்டு, பெயரைச் சொன்னான். திரையில் 'தமிழழகன்' என்று விழுந்தது. வேணிக்கு அவனைத் தூக்கித் தட்டாமாலை சுற்ற வேண்டும் போலிருந்தது. அவனோ கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனான்.

"டீச்சர், பெட்டியப்பன் ரிப்பேராயிட்டான்."

பின்வரிசையில் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். அம்பிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சரியாத்தான எழுதுது? ஏன் டீச்சர் எழவு வூடு மாதிரி உக்காந்திருக்காங்க?"

"நான் அப்பவே நெனச்சேங்க மேடம்," என்றார் காசிநாதன். "அட்டைப்பெட்டி ரெடியா இருக்குங்க."

அம்பிகா எழுந்து, பிள்ளைகளைச் சமாதானப்படுத்தலாம் என்று போனைக் கையில் வாங்கினார். ஆபீசராக இருந்தாலும் பிறந்து வளர்ந்தது பூலாம்பாடி; கொஞ்சிப் பேசினால் ழகரமெல்லாம் ஊர் வழக்கப்படி ளகரமாகிவிடும்.

"யாரும் அளக்கூடாது. மேடம் எல்லாருக்கும் வாளப்பளம் வாங்கித் தரேன்."

'யாரும் அளக்க கூடாது. மேடம் எல்லாருக்கும் வால் பலம் வாங்கித் தரேன்' என்றான் பெட்டியப்பன்.

பிள்ளைகள் திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அப்புறம் கூரை பறந்தது. பெஞ்சு மேல் ஏறியவர்கள், இல்லாத வாலை ஆட்டியவர்கள், கரும்பலகைக்கு ஓடியவர்கள் என்று வகுப்பே சிவப்பாகிவிட்டது. தமிழழகன் மட்டும் நிதானமாக வந்து, தன் சாக்பீஸை அம்பிகாவிடம் நீட்டினான்.

"அஞ்சு தடவ எழுதணும் மேடம்."

"தப்பா எழுதுனது டிவிதானடா?"

"அவன் நல்லாத்தான் இருக்கான் மேடம். நீங்கதான் தப்பா சொன்னீங்க."

காசிநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அம்பிகா பையனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வர, வாழைப்பழம் என்று எழுதத் தொடங்கினார். மூன்றாவது முடிந்தபோது ஆபீசிலிருந்து போன் வந்தது. கிளம்பிவிட்டார்.

வேணி ஜீப் வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். "மேடம், டிவி..."

"இன்னும் ரெண்டு தடவ பாக்கி இருக்கில்ல டீச்சர்? நான் வந்து எழுதி முடிக்கிற வரைக்கும் அது இங்கதான் இருக்கணும்." அம்பிகா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "நான் எழுதி முடிக்கிறதா இல்ல."

வேணிக்குக் கால் தரையில் பாவவில்லை. வகுப்புக்குள் பாய்ந்து, மேசையில் கிடந்த போனை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "டேய், பெட்டியப்பன் இனிமே நம்ம வூட்டுப் புள்ளடா" என்றாள்.

போன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 'நம்ம ரூட்டுப் புல்லடா' என்று திரையில் விழுந்தது.

தமிழழகன் எழுந்து வந்தான். சாக்பீஸை நீட்டினான். வேணி வாங்கிக்கொண்டு கரும்பலகைக்குப் போனாள். அஞ்சு தடவையும் எழுதினாள்.